கூர்நோக்கு இல்லமா, குழந்தைகள் இல்லமா? ஆற்றுப்படுத்துநர் வேலையில் சேருமுன் ஒப்பிட வேண்டியவை

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) அல்லது உளவியல் முதுகலை முடித்தவர்கள் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் தேடினால் அடிக்கடி கண்ணில் படும் பதவி 'ஆற்றுப்படுத்துநர்', அதாவது கவுன்சிலர். கல்வித் தகுதியும் வயது வரம்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எந்த இல்லம் என்பது மட்டும் கடைசி வரியில் சின்ன எழுத்தில் கிடக்கும். விண்ணப்பிக்கிறவர்கள் மதிப்பூதியத்தையும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கடைசி வரிதான் வேலையைத் தீர்மானிக்கிறது. ஒரு பிள்ளை அந்த இல்லத்தில் எத்தனை நாள் தங்கும், வெளியே போகும் நாளை யார் முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், அங்கே என்ன மாதிரி ஆற்றுப்படுத்தல் சாத்தியம், எது சாத்தியமே இல்லை என்பது பெருமளவு விளங்கிவிடும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களை இரண்டு தடங்களில் பிரிக்கிறது. சட்டத்துக்கு முரணாகச் செயல்பட்டதாகச் சொல்லப்படும் சிறார்கள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போவார்கள். விசாரணைக் காலத்தில் அவர்களுக்குக் கூர்நோக்கு இல்லம், முடிவான உத்தரவுக்குப் பின் சிறப்பு இல்லம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் முன் போவார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லம். இதைத் தவிர, 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற விடுதிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி 'ஹோம்' போலத்தான் தெரியும். ஆனால் விடுதியில் உள்ள பிள்ளைக்கு நலக் குழுவின் உத்தரவோ பராமரிப்புத் திட்டமோ இருக்காது. நீங்கள் எழுதும் பரிந்துரையைக் கேட்க வேண்டிய கட்டாயமும் அங்கே யாருக்கும் இல்லை. எனவே முதல் கேள்வி: இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் இல்லம் பதிவாகியிருக்கிறதா? பதிவுச் சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும். அதில் உள்ள தேதியையும் பார்த்துவிடுங்கள்.

கூர்நோக்கு இல்லம்: நாட்களை எண்ணும் வேலை

இங்கே பிள்ளைகள் வருவதும் போவதும் குழுமத்தின் கையில். 12ஆம் பிரிவின்படி ஜாமீன்தான் பொதுவிதி, மறுப்பதற்குக் காரணம் வேண்டும். அதனால் பலர் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கிளம்பிவிடுவார்கள். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்பது சட்டம். அடுத்த வாரம் இந்தப் பிள்ளை இங்கே இருக்குமா என்று தெரியாமலேதான் ஒவ்வொரு அமர்வும் நடக்கும். கல்லூரியில் படித்த பன்னிரண்டு அமர்வுத் திட்டம் இங்கே உதவாது. ஒவ்வொரு அமர்வையும் அதுவே கடைசி அமர்வு என்று எண்ணி முடிக்கத் தெரிய வேண்டும்.

முதல் அமர்வுக்கு இருபது நிமிடம் போதும். தூக்கம் வந்ததா, சாப்பிட்டாயா, உடம்பில் அடிபட்டிருக்கிறதா, வீட்டுக்குத் தகவல் போனதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா: இந்த ஐந்தைத் தாண்ட வேண்டாம். கடைசிக் கேள்வியை நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வழக்கின் சம்பவத்தைப் பற்றி மட்டும் முதல் நாளில் கேட்கவே கூடாது. பிள்ளை காவல் நிலையத்தில் அதையே பலமுறை சொல்லிவிட்டு வந்திருக்கும். நீங்களும் கேட்டால் நீங்களும் போலீஸ் பக்கம் என்று முடிவுகட்டிவிடும்.

குறிப்பேட்டில் எதை எழுதுவது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். சம்பவ விவரங்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தால், கோப்பைக் குழுமம் கேட்கும் நாளில் அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுப்பது நன்னடத்தை அலுவலரின் பொறுப்பு. அந்த வேலையை 'நீங்கதான் நல்லா பேசுறீங்களே' என்று உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் மனநிலை, தேவை, ஆபத்து அறிகுறி, அடுத்து செய்ய வேண்டியது என்று நான்கே வரி எழுதினால் போதுமானது.

16 வயது நிரம்பிய ஒருவர் மீது கொடுங்குற்றப் புகார் இருந்தால் சிக்கல் கூடும். 15ஆம் பிரிவில் சொல்லப்படும் பூர்வாங்க மதிப்பீடு மூன்று மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. வயது வந்தவர் போல விசாரிக்கப்படுவாரா என்பது அதைப் பொறுத்தது. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிபுணராக இல்லத்தின் ஆற்றுப்படுத்துநரையே அனுப்பினால், நம்பிப் பேசிய பிள்ளைக்கு எதிராகவே அந்தப் பேச்சு திரும்பலாம். ஆற்றுப்படுத்துகிறவர் வேறு, மதிப்பிடுகிறவர் வேறு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்திலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஆள் இருப்பார்கள்.

பையன்கள் இல்லத்தில் முதல் பத்து நாளில் நடக்கும் சண்டைகளில் கணிசமானவை போதைப் பழக்கம் திடீரென நின்றதன் விளைவு. ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலை, கஞ்சா, மாத்திரை, முகர்கிற சொல்யூஷன் என்று எதுவாகவும் இருக்கலாம். புகையிலை நின்றால் இரண்டாம், மூன்றாம் நாளில் எரிச்சல் உச்சத்துக்குப் போகும். கஞ்சாவுக்குத் தூக்கமின்மையும் பசியின்மையும் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். இதை 'அடங்காதவன்' என்று வார்டன் எழுதி வைத்தால் தண்டனை தொடங்கும். தண்டனையால் சண்டை பெரிதாகும். சேர்க்கை மருத்துவப் பரிசோதனையிலேயே என்ன பழக்கம், கடைசியாக எப்போது என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டால் பாதி பிரச்சினை அடங்கும். மாத்திரைப் பழக்கம் என்றால் ஆற்றுப்படுத்துநர் தனியாகச் சமாளிக்க முயலக் கூடாது. அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

குழு அமர்வுக்கு எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர், முக்கால் மணி நேரம். ஒரே வழக்கில் சேர்ந்து வந்தவர்களை ஒரே குழுவில் உட்கார வைத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அல்லது ஒருவனே மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேசுவான். தென்மாவட்டங்களில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைக் கவனிக்காமல் குழு பிரித்தாலும் இதே கதைதான்.

வாய்தாவுக்கு முந்தைய இரவும், வீட்டிலிருந்து யாரும் பார்க்க வராத ஞாயிறும் ஆபத்தான நேரங்கள். அப்போது நீங்கள் பணியில் இருக்க மாட்டீர்கள். பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான ஹவுஸ் ஃபாதர்தான் இருப்பார். அவருக்குப் போகும் குறிப்பில் பிள்ளை சொன்ன ரகசியம் எதுவும் வேண்டாம். 'இன்றிரவு தனியாக விடாதீர்கள், குளியலறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கூப்பிடுங்கள், பிளேடு, கயிறு பாருங்கள்' என்று செய்ய வேண்டியதை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இங்கே ஒரு சின்ன வேலை பெரிய பலன் தரும். ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடக்கும் பையன்கள் உண்டு. ஏழு நாளுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றுவதற்காக அவனைக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று 12ஆம் பிரிவே சொல்கிறது. யாருக்கு அப்படி நாள் கடந்துவிட்டது என்று திங்கட்கிழமைதோறும் பட்டியல் எடுத்து நன்னடத்தை அலுவலரிடம் கொடுப்பது, பத்து அமர்வுகளைவிட அந்தப் பையனின் மனநிலைக்கு நல்லது.

சிறப்பு இல்லமும் பாதுகாப்பு இல்லமும்

சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. இங்கே நாள் தெரியும். அதனால் உண்மையான, நீண்ட வேலை செய்ய இடமுண்டு: கோபத்தைக் கையாளுதல், விட்ட படிப்பைத் தனித்தேர்வராகத் தொடர்தல், பாதிக்கப்பட்டவரைப் பற்றிப் பேசத் தொடங்குதல். 16 வயதுக்கு மேற்பட்ட, கொடுங்குற்ற வழக்குள்ளவர்களுக்கும் 18 தாண்டியவர்களுக்கும் பாதுகாப்பு இல்லம். அங்கே உங்களைவிட ஐந்தாறு வயதே இளையவரோடு பேச வேண்டியிருக்கும். 'தம்பி, கண்ணா' என்று பேசும் தொனி எடுபடாது.

இவ்வகை இல்லங்களின் பெரிய கேள்வி, அடி. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான், ஊழியர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2023இல் அறிக்கை தந்தது. 82ஆம் பிரிவின்படி, ஒழுங்குபடுத்துவதற்காக என்று சொல்லி அடித்தாலும் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுமுறை மூன்று மாதம் வரை சிறை. அடித்தவர் வேலையும் போகும். உங்கள் அறைக்கு வரும் பையனின் உடம்பில் தழும்பைப் பார்த்தும் எழுதாமல் விட்டால், பிற்பாடு விசாரணையில் 'ஆற்றுப்படுத்துநர் வாராவாரம் பார்த்தாரே' என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். தேதி, உடம்பின் எந்த இடம், பிள்ளை சொன்ன அதே வார்த்தை: மூன்றையும் எழுதி கண்காணிப்பாளருக்குக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். புகார் கண்காணிப்பாளர் மீதே என்றால் நேராகக் குழுமத்துக்கு. சக ஊழியர்களின் முகச்சுளிப்பைத் தாங்க முடியாது என்று நினைப்பவர்கள் இந்த வேலையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

குழந்தைகள் இல்லம்: நேரம்தான் பிரச்சினை

இங்கே பிள்ளை ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். காலம் நிறைய இருக்கிறது, ஆனால் நேரம் இல்லை. பிள்ளைகள் காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர ஐந்து மணி ஆகும். ஆறரையிலிருந்து எட்டு வரை படிப்பு. உங்கள் பணிநேரம் பத்து முதல் ஐந்தே முக்கால் என்றால், நாள் முழுக்க காலிக் கட்டடத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பிவிட்டு, பிள்ளைகள் வரும் நேரத்தில் பேருந்து பிடிப்பீர்கள். பல இல்லங்களில் இப்படித்தான் நடக்கிறது, யாரும் அதைத் தவறாகவும் நினைப்பதில்லை. வேலையை ஒப்புக்கொள்ளுமுன் பன்னிரண்டு முதல் எட்டு வரை என்று நேரத்தை மாற்றித் தருவார்களா, சனிக்கிழமை முழுநாள் வேலையாகக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் அந்த இடத்தில் ஆற்றுப்படுத்தல் நடக்காது. கணினியில் விவரம் ஏற்றும் வேலைதான் நடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 பிள்ளைகளுக்கு ஒரு ஆற்றுப்படுத்துநர். பள்ளி நாளில் மாலை இரண்டு பேர், சனிக்கிழமை நான்கைந்து பேர் என்றால் வாரத்துக்குப் பதினைந்துக்குள். எல்லாரையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு பிள்ளையின் முறை வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், அது யாருக்கும் உதவாது. வாராவாரம் பார்க்க வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர், இரு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர், மற்றவர்களுக்கு விளையாட்டு நேரத்தில் கூட நின்று பேசுவது என்று பிரிப்பதே வழி. அமைதியான பிள்ளை கடைசி வரிசைக்குத் தள்ளப்படும். அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் தனிநபர் பராமரிப்புத் திட்டம், இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகளில் படிவம் 7. பல இல்லங்களில் ஒரு பிள்ளையின் திட்டத்தை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். வறுமையால் மட்டும் இல்லத்துக்கு வந்த பிள்ளைக்கு, அம்மாவிடமே இருந்து படிக்க நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. படிவத்தில் இதை ஒழுங்காக எழுதிக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வைத்தால் பிள்ளை வீட்டுக்குப் போகும். இல்லத்தின் தலைக்கணக்கு குறைவதை நிர்வாகம் விரும்பாமல் போகலாம். மானியம் தலைக்கணக்கில்தானே வருகிறது.

மே மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போவார்கள். போக இடமில்லாத பிள்ளைகள் மிஞ்சுவார்கள். படுக்கையை நனைப்பது, பொருட்களை உடைப்பது, ஓடிப்போவது எல்லாம் அப்போதுதான் கூடும். உங்கள் விடுப்பை ஏப்ரலில் எடுத்துக்கொண்டு மேயில் அங்கே இருங்கள்.

17 வயதுப் பிள்ளைகளுக்கு வேறு பதற்றம். பிறந்தநாள் வந்தால் வெளியே போக வேண்டும். இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கான பிற்காப்பு ஏற்பாடு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை உண்டு. 17 முடிவதற்கு ஆறு மாதம் முன்பே ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் நான்கும் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஆற்றுப்படுத்தலின் பகுதியே. காகிதம் இல்லாத பிள்ளையிடம் 'எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்' என்று கேட்பது கொடுமை.

பெண் பிள்ளைகள் இல்லத்தில் நிலைமை இன்னொரு விதம். காதலனோடு போய், போக்சோ வழக்கு பதிவாகி, பெற்றோரிடம் போக மாட்டேன் என்று சொன்னதால் இல்லத்தில் வைக்கப்பட்ட பெண்கள் கணிசம். அவள் தன்னைப் பாதிக்கப்பட்டவளாக நினைப்பதில்லை. இல்லத்தைச் சிறையாகத்தான் பார்க்கிறாள். 'மாஜிஸ்திரேட் முன்னால் இப்படிச் சொல்லச் சொல்லுங்க' என்று காவல்துறையும் பெற்றோரும் உங்களிடம் வருவார்கள். வாக்குமூலத்துக்கு அவளைத் தயார்ப்படுத்துவது உங்கள் வேலை கிடையாது. நீதிமன்ற நடைமுறைக்குத் துணையாள் என்று ஒருவரை நலக் குழு நியமிக்க முடியும். கர்ப்பம் என்றால் நாள் கணக்கு முக்கியம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின் சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. 'அவள் மனம் தெளியட்டும்' என்று இரண்டு வாரம் காத்திருந்தால் அவளுக்கு இருந்த வழியையே அடைத்துவிடுவீர்கள்.

எந்த இல்லமானாலும், பிள்ளை பாலியல் வன்முறையைச் சொன்னால் அதை ரகசியமாக வைக்க முடியாது. போக்சோ 19ஆம் பிரிவு தகவல் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. இதை முதல் அமர்விலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாம் நமக்குள்ளேயே இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் போலீஸைக் கூட்டி வந்தால், அந்த இல்லத்தில் இனி எந்தப் பிள்ளையும் உங்களிடம் பேசாது.

பணம், ஒப்பந்தம்

மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலில் இல்லத்து ஆற்றுப்படுத்துநருக்கு மாதம் 23,170 ரூபாய், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநருக்கு 18,536 ரூபாய். அலகு வேலையில் பிள்ளைகளை வீட்டிலும் பள்ளியிலும் போய்ப் பார்ப்பீர்கள். அலைச்சல் அதிகம், இரவு நேரத் தலைவலி குறைவு. மூன்றாவது வகை, அரசு இல்லங்களுக்கு வருகை அடிப்படையில் போவது. அறிவிப்புகளில் வருகைக்கு 1,000 ரூபாய், போக்குவரத்தும் அதற்குள் அடக்கம் என்று இருக்கும். தனியாக ஆலோசனை மையம் வைத்திருப்பவருக்கு இது ஒத்துவரும். இதையே ஒரே வருமானமாக நம்பி இறங்குவது வேண்டாம். தொண்டு நிறுவன இல்லங்களில் அரசு மானியம் தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். கடந்த ஆண்டு எத்தனை மாதம் தள்ளிப்போனது என்று அங்கே வேலை செய்பவரிடமே விசாரியுங்கள்.

நேர்காணலுக்குப் போகும் நாளில் இல்லத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி விதிகளில் ஆற்றுப்படுத்தும் அறைக்கு 120 சதுர அடி என்று கணக்கு இருக்கிறது. அந்த அறையில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். கதவு உண்டா, உள்ளே பேசுவது வெளியே கேட்கிறதா, கோப்புகளைப் பூட்டும் பீரோவின் சாவி யாரிடம், பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வேலை யாருக்கு, முன்பிருந்தவர் ஏன் போனார் என்று பாருங்கள், கேளுங்கள். மேற்பார்வைக்கு மூத்தவர் யாரும் இல்லையென்றால், பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் சம்வாத் பிரிவு குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் சேர்ந்துகொள்ளலாம்.

படிப்பு முடித்து முதல் வேலை தேடுபவருக்கு எங்கள் பரிந்துரை, மாலை நேரப் பணிக்குச் சம்மதிக்கும் குழந்தைகள் இல்லம். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கேதான் இடமுண்டு. கூர்நோக்கு இல்லத்துக்கு, நெருக்கடியைக் கையாண்ட இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் 'முடியாது' என்று எழுத்தில் சொல்லும் துணிவும் வேண்டும். அங்கேயே முதல் வேலை கிடைத்தால், வாரம் ஒருமுறை வழக்குகளைப் பேச மூத்தவர் ஒருவரை வெளியில் தேடிக்கொண்டு சேருங்கள். சிறப்பு இல்லத்தை அதற்கடுத்துதான் யோசிக்கச் சொல்வோம். தெருவோரப் பிள்ளைகள் குறுகிய காலம் வந்து தங்கும் திறந்தநிலைத் தங்குமிடங்கள் (ஓப்பன் ஷெல்ட்டர்) தெருவில் வேலை செய்து பழகியவர்களுக்கானவை. அமர்வு, நேரம், அறை எதுவும் அங்கே நிலையாக இருக்காது.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுதான், அதனால் விலகும் நாளையும் இப்போதே யோசிக்க வேண்டும். குழந்தைகள் இல்லமென்றால் மூன்று வாரம் முன்னதாகவே பிள்ளைகளிடம் தேதியோடு சொல்லுங்கள், வாராவாரம் பார்க்கும் ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியாக. கோப்பை அடுத்து வருபவரிடம் நேரில் ஒப்படையுங்கள். ஆள் இன்னும் வரவில்லை என்றால் கண்காணிப்பாளரிடம், உறையில் ஒட்டி, ஒப்புகையோடு. உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு வாருங்கள்.